இரண்டு விரல் குறைய

ரேடியேட்டரில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றாதீர்கள், தம்பி. இரண்டு விரல் குறைய ஊற்றுங்கள். அதுவும் ஊருணித் தண்ணீராக இருக்கட்டும். இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒரே கோடையில் உள்ளே வெள்ளையாகப் படிந்து குழாயை அடைத்துவிடும். உங்கள் சிங்கம்புணரிப் பக்கம் தண்ணீர் எப்படியோ எனக்குத் தெரியாது. ஒரு சட்டியில் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளை படிந்தால் அந்தத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள், வண்டிக்குக் கொடுக்காதீர்கள்.

சாவியை இன்னும் தரவில்லையே என்று பார்க்கிறீர்கள். தருகிறேன். காலையில் கயிறு ஏற்ற ஒரு பிக்கப் வேண்டும் என்று வந்தீர்கள். ஓட்டிப் பார்த்தீர்கள். பதினாறு வருஷத்து வண்டி மாதிரியா இருக்கிறது என்று என் முதலாளி செட்டியாரிடம் நீங்களே சொன்னீர்கள். பிறகு கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகம் வேறாக இருந்தது. அங்கே என் மச்சினன் பெத்தன் உட்கார்ந்திருப்பான், அவன் உட்காருகிற இடம் அதுதான். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இந்த வண்டி நின்றுபோனதால்தான் என் மனைவி செத்தாளா என்பது ஒன்று. அவள் உயிர் இந்த வண்டிக்குள் வைத்துப் போனதா என்பது இன்னொன்று. இரண்டும் இல்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால்தான் வாங்குவேன் என்றீர்கள்.

கேட்க வேண்டியதைத்தான் கேட்டீர்கள். வண்டி வாங்குகிறவன் கேட்காவிட்டால்தான் தப்பு. நீங்கள் வேண்டாம் என்று போய்விட்டால் மதுரையிலிருந்து பழைய இரும்புக்காரன் வருவான். செட்டியார் புது லாரிக்குச் சொல்லிவிட்டார், கொட்டகையில் இடம் வேண்டும் அவருக்கு. ஆகவே சத்தியம் பண்ணுகிறேன். ஆனால் நான் கற்பூரத்தில் கை வைத்தபிறகு, பொய்ச் சத்தியமாக இருக்குமோ என்று நீங்கள் ஒவ்வொரு மேட்டிலும் யோசித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

வண்டி எங்கள் ஊருக்கு வந்தது அறுபத்திரண்டில். இளையாத்தங்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அழகுசுந்தரம் செட்டியாரின் எண்ணெய் மில்லுக்காக வாங்கியது. என்னை டிரைவராக வைத்தார்கள். என் அப்பன் வீட்டில் நாலு ஏர் நிலம் இருந்தது. மண்ணை உழுகிறவன் பிள்ளைக்கு எதற்கு வீரையா இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். அவர்கள் யாரும் அந்த எஞ்சின் முதல்முதல் கிளம்பிய சத்தத்தைக் கேட்டவர்கள் இல்லை.

இந்தப் பக்கத்து டிரைவர்களைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குக் கர்வமாகத் தோன்றலாம். தோன்றட்டும். கிளச்சின் மேல் காலைத் தூங்கப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு, ஸ்பிரிங் பட்டை முறிந்தால் சாலையைத் திட்டுவார்கள். நமது செம்மண் தூசி மாவு மாதிரி, எங்கேயும் நுழையும். ஏர் கிளீனரை வாரம் தவறாமல் கழற்றி, பழைய ஆயிலைக் கொட்டி, துடைத்து, புது ஆயில் விட்டால்தான் எஞ்சின் உள்ளே தேயாது. எவன் செய்கிறான்? காலையில் கிளப்பியதும் கொஞ்ச நேரம் அது தன்பாட்டுக்கு ஓடட்டும். ஆயில் மேலே ஏறவேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பியவனை உடனே மூட்டை தூக்கச் சொல்வோமா? ஓடி வந்து நின்றதும் சட்டென்று அணைக்காதீர்கள். சாயங்காலம் பட்டைகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், விரிசலைக் கண்ணைவிடக் கை முன்னால் கண்டுபிடிக்கும். இப்படித்தான் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் சொல்கிறேன், இந்த வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது அறுபத்துநாலில். அவள் பெயர் முத்தழகு, பெத்தனுக்கு அக்கா. நல்ல பெண். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி நினைக்கப் போகிறீர்கள். விடியற்காலையில் ஊருணிக்குப் போய் வீட்டுக்கு ஒரு குடம், வண்டிக்கு ஒரு குடம் கொண்டுவருவாள். வண்டி அவளுக்கு முன்னால் வந்ததாயிற்றே, அதனால் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள்.

"ஏங்க, ஒங்க மூத்தாளுக்குத் தண்ணி வந்துருச்சு. எந்திரிச்சு ஊட்டி விடுங்க" என்பாள்.

அந்த நாளில் நான் விளிம்புவரை ஊற்றுவேன். அவள் குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். தண்ணீர் நிரம்பி வழிந்து மண்ணில் விழுந்ததும், "வயிறு ரொம்பிருச்சு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாள். தினமும் அதே பேச்சு, தினமும் அதே சிரிப்பு. அவளுக்கு அலுக்கவே இல்லை. எனக்கும்தான்.

இப்போது இன்னொன்று சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் செட்டியாரின் பங்காளி வீட்டில் ஒரு கார் இருந்தது. கறுப்பு, பளபளவென்று, தெருவை அடைத்துக்கொண்டு வரும். அந்த வீட்டுப் பெரியவர் கோயிலுக்குப் போய்த் திரும்புகையில் அந்தக் காரிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. அதோடு அந்தக் கார் போயிற்று. எஞ்சினில் ஒரு குறை கிடையாது. நானே திறந்து பார்த்தேன், உள்ளே தங்கம் மாதிரி இருந்தது. ஆனால் உயிர் போன வண்டியில் அந்த வீட்டில் யாரும் ஏறமாட்டோம் என்றுவிட்டார்கள். கேட்டவனுக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவன் அறுத்துவிட்டான். அதன் கதவு ஒன்று ஆட்டுப்பட்டிக்குப் படலாக நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆடு அதன்மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

அந்தக் காரைப் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் சாலா ஆச்சி, அதாவது அழகுசுந்தரம் செட்டியாரின் வீட்டம்மா, சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உசிரு போன வண்டிய வீட்டுல வச்சுக்கிட்டு, அதுல பொண்ணுக்குச் சீர்ச் சாமான ஏத்த முடியுமாப்பா?" என்றார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். அவர்கள் மகள் உமையாளுக்கு எழுபத்திரண்டு தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், மெத்தை என்று சீர் முழுவதும் மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த வண்டியில்தான் போகவேண்டும்.

அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள் சிங்கம்புணரிச் சந்தையில் கடலைப் பிண்ணாக்கு இறக்கிவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்தேன். வந்ததும் தண்ணீர் பார்ப்பது என் வழக்கம். குறைந்திருந்தது. முத்தழகிடம் ஒரு குடம் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். நான் நிரப்பினேன். பின்னால் கட்டியிருக்கும் தண்ணீர்த் தகரத்துக்கு இன்னொரு குடம் வேண்டியிருந்தது. அதற்குப் போனபோது ஊருணிப் படியோரப் புல்லில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வண்டிக்காகப் போய்க் கடிபட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளைப் பாம்பு கடிக்காதா? பாம்புக்கு இதெல்லாம் தெரியுமா?

அந்த நிலையிலும் குடத்தைக் கீழே போடாமல் கொண்டுவந்து தந்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நானும் அதைத் தகரத்தில் ஊற்றி முடித்துவிட்டுத்தான் என்ன என்று கேட்டேன்.

செட்டியார் ஊரில் இல்லை. ஆச்சியிடம் ஓடினேன். "இதுக்கு என்னத்துக்குப்பா கேட்டுக்கிட்டு நிக்கிறே, எடுத்துக்கிட்டுப் போ" என்றார்கள். பெத்தன் அக்காவைத் தூக்கிப் பின்னால் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டான். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அன்று நான் வண்டியை விரட்டினேன். ஜல்லி பெயர்ந்த அந்தச் சாலையில் நான் எப்போதும் இருபதைத் தாண்டமாட்டேன். அன்று நாற்பதுக்கு மேல் போனேன். குழிக்குக் குழி பட்டைகள் கத்தின. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் வண்டி ஒரு சொல் சொல்லவில்லை. சீராக ஓடியது. சூடு ஏறவில்லை. அவ்வளவு நன்றாக நான் வைத்திருந்தேன்.

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். தூரத்தில் குன்றக்குடி மலை தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து பெத்தன் கேபின் தகட்டில் அடித்துக் கத்தினான்.

"மச்சான், பல்லுல ரத்தம் வருது. அக்கா போயிரும் போலருக்கு. வெரசா ஓட்டுங்க மச்சான்."

திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அவன் சட்டையெல்லாம் ரத்தம். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். பயம் தோன்றியது. அழுகை வந்தது. அந்த ஆட்டுப்பட்டியும் கண்முன் வந்தது. மூன்றும் ஒன்றாகத்தான் வந்தன. எது முன்னால் எது பின்னால் என்று பிரிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது.

நான் நினைத்தது இதுதான். அவள் போகிறாள். போகிறவளை நான் பிடித்து வைக்க முடியாது. வண்டியையாவது வைத்துக்கொள்ளலாம். அவள் எங்கே போகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரையில் போனால் ஒரு இழப்பு, வண்டியில் போனால் இரண்டு. இதில் என்ன தப்பு? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

சாலையோரம் ஒரு புளியமரம். நிறுத்தினேன். இறங்கி பானெட்டைத் தூக்கினேன்.

"சூடாயிருச்சு மாப்ளே, தண்ணி சுத்தமா வத்திப் போச்சு. இனி நகராது. அந்தா தெரியுது பாரு ஊரு, ஓடிப் போய் ஒரு குடம் தண்ணி வாங்கு. அப்படியே ஒரு மாட்டு வண்டியும் புடிச்சிட்டு வா" என்றேன்.

"தகரத்துல தண்ணி இருக்குமே மச்சான்?"

"அது பத்தாது. நின்னு பேசாதடா, ஓடு."

ஓடினான். பாவம், செருப்புகூட இல்லை.

அவன் வரப்பில் இறங்கியதும் நான் அவளைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தேன். மரத்தடியில் சாக்கை நன்றாக விரித்து, கல் எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் படுக்க வைத்தேன். வண்டியைப் பார்த்த மாதிரி படுக்க வைத்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க, வண்டி நின்னுருச்சா?"

"ஆமா. சூடாயிருச்சு."

"தாகமா இருக்கு."

தகரத்தை அவிழ்த்து எடுத்துவந்தேன். நான் கல் நெஞ்சக்காரன் இல்லை, குடிக்கக் கொடுக்கத்தான் எடுத்துவந்தேன். அவள்தான் கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"எனக்கு வேணாம். அதுக்கு ஊத்துங்க. அது கெளம்புனாத்தான போகலாம்."

நான் என்ன செய்ய முடியும்? தண்ணீர் வற்றிப் போயிற்று என்று சொல்லியாகிவிட்டது. ஊற்றாமல் நின்றால் சந்தேகப்படுவாள். சாக்குத் துணியால் பிடித்து மூடியைத் திறந்தேன். கொஞ்சம் ஆவி வந்தது, அவ்வளவுதான். தகரத்தைச் சாய்த்தேன். நிறைந்திருக்கிற ரேடியேட்டர் எத்தனை தண்ணீர் வாங்கும்? முதல் வாயிலேயே பொங்கி, முன்பக்கம் முழுவதும் வழிந்து, மண்ணில் விழுந்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு குருவி சத்தம்கூட இல்லை. விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் தண்ணீர் சுமந்தவள். வற்றிய ரேடியேட்டர் எப்படிக் குடிக்கும், நிறைந்தது எப்படி வழியும் என்று அவளுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

"வயிறு ரொம்பிருச்சு" என்றாள்.

சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. நான் மீதித் தண்ணீரைக் கொண்டுபோய் வாயருகே வைத்தேன். பல்லைத் திறக்கவில்லை. முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மாதிரி அவள் என்னிடம் ஒருநாளும் செய்ததில்லை. வலியில் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெத்தன் மாட்டு வண்டியோடு வர வெகு நேரமாயிற்று. அவன் வருவதற்குச் சற்று முன்னால்தான் அடங்கினாள். அவன் விழுந்து புரண்டு அழுதான். நானும் அழுதேன், பொய்யாக இல்லை. அவன் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, அவன் பார்க்காதபோது கீழே விட்டேன். அது கிணற்றுத் தண்ணீர். அவளை மாட்டு வண்டியில் ஏற்றினோம். மாட்டுக்குப் பின்னாலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தால் கிளச் தேயும், ஆகவே நான் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன்.

ஆச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள்மேல் அவர்களுக்குப் பிரியம் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து, சங்கடத்தோடு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்கள்.

"வண்டியில வச்சாப்பா...?"

"இல்லை ஆச்சி. தரையிலதான். மரத்தடியில" என்றேன்.

தை மாதம் உமையாளின் சீர் இந்த வண்டியில்தான் போயிற்று. முன்னால் மாலை கட்டி, நான் ஓட்டினேன். ஒரு டம்ளர் நசுங்கவில்லை.

இனி நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன். அன்றிலிருந்து பெத்தன் டீக்கடையில் உட்கார்ந்து, இந்த வண்டி காலை வாரிவிட்டது, நல்ல வண்டியாக இருந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். இத்தனை வருஷமாக நான் மறுக்கவில்லை. ஒரு குறையும் இல்லாத வண்டியின்மேல் பழி விழ விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது தப்பு. அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வண்டி நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். போலீஸ் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். பெத்தனிடமும் போய்ச் சொல்லுங்கள், அவன் அரிவாளோடு வந்தாலும் சரி.

இந்த வண்டியால் முடியுமா முடியாதா என்பதற்கு உங்களுக்கு ஒரு அத்தாட்சியும் சொல்கிறேன். மறு வருஷம் மில்லில் வேலை செய்த சின்னக்கருப்பை அதே மாதிரி விரியன் கடித்தது. அன்று செட்டியாரே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார், நிறுத்துவதற்கு இடமில்லை. அவனுக்கும் பல்லில் ரத்தம் வந்தது. அதே சாலை, அதே புளியமரம். தாண்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். விரியன் கடிக்கு அவகாசம் உண்டு, நல்ல வேளை நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். சின்னக்கருப்பு இப்போதும் மில்லில் மூட்டை தூக்குகிறான். காலையில் இந்த வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்தானே, அவன்தான். பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வண்டி அப்பேர்ப்பட்ட வண்டி.

என்ன தம்பி, தள்ளி நிற்கிறீர்கள்? நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். கற்பூரத்தை ஏற்றுங்கள். இந்த வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. இந்த வண்டிக்குள் ஒரு உயிரும் போனதில்லை. சத்தியம். பாருங்கள், கை சுடக்கூட இல்லை.

சாவியைப் பிடியுங்கள். முதல் கியர் கொஞ்சம் இறுகலாக விழும், அதட்டாதீர்கள். வாரம் ஒருமுறை ஏர் கிளீனர். தண்ணீர் மட்டும் நான் சொன்ன மாதிரி, இரண்டு விரல் குறைய. முன்பெல்லாம் விளிம்புவரை ஊற்றினேன் என்றீர்களே, எப்போது குறைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். அந்த ஐப்பசியிலிருந்துதான். அதற்கும் முத்தழகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழிந்து மண்ணில் விழுகிற சத்தம் இந்த வண்டிக்கு ஆகாது.